ஒரு வீசம் இடப்பக்கம்

மேல் நிலையம்
9 ஜனவரி 1998

எர்மெக்,

சமாதானம் பேச இந்தக் கடிதத்தை எழுதவில்லை. பாதி படித்துவிட்டு, அக்கா இறங்கி வந்துவிட்டாள் என்று உன் பெண்டாட்டி ஜிபேக்கிடம் போய்ச் சொல்லாதே. இங்கே ரேடியோ பேட்டரி செத்துப்போய்விட்டது. ஜூமாதில் ஒவ்வொரு தடவையும் பனி தள்ளும் வண்டியில் வெறுங்கையோடு வந்து, "அடுத்த டிரிப்புல கண்டிப்பா" என்கிறான். அதனால் காகிதம்.

நேற்று நீங்கள் புதுப் பீரங்கியால் முதல் தடவை சுட்டதைப் பார்த்தேன். சரிவில் பனி சேர்ந்து கனக்கும் முன் சுட்டு இறக்குவது உன் வேலை. எங்கே எவ்வளவு சேர்ந்திருக்கிறது, குண்டு எங்கே விழுந்தது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. சொல்கிறேன். மூன்று குண்டில் ஒன்றுகூட இலக்கில் விழவில்லை. தூரம் சரியாகத்தான் இருந்தது. பக்கம்தான் தவறு. மூன்றுமே இடப்பக்கம் விலகின. முதலாவது கொஞ்சம், இரண்டாவது அதைவிட அதிகம், மூன்றாவது பார்க்கவே வெட்கமாக இருந்தது. பனி இறங்கியது, ஆனால் நாம் இறக்க நினைத்த பனி இல்லை.

நாலாம் இலக்கை இந்தக் குளிர்காலத்தில் நீ இன்னும் தொடவில்லை. தொடும் முன் பீரங்கியைப் பரிசோதித்துப் பார்.

அப்புறம், என்னை இங்கிருந்து இறக்கிவிடச் சொல்லி நீ முகாம் தலைவரிடம் பேசியதை, ரேடியோ சாகும் முன் அவர் வாயாலேயே கேட்டேன். புருஷனைப் பறிகொடுத்தவள் எங்கே இருக்க வேண்டும் என்று நீ முடிவு செய்கிறாயா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? பதிலுக்கு அழுது எழுதாதே. பீரங்கியைப் பற்றி மட்டும் எழுது.

பூருல்


கீழ் முகாம்
11 ஜனவரி

அக்கா,

நீ சமாதானத்துக்கு எழுதல, நான் பதிலுக்கு எழுதல. இது ஆபீஸ் விஷயம். எண்ணெயில பொரிச்ச போர்சோக் பொட்டலம் மட்டும் ஜிபேக் குடுத்தது, அதுல என் கை படல, நீ தைரியமா சாப்பிடலாம்.

பீரங்கிக்கு ஒண்ணும் இல்ல. பழசு தேஞ்சுபோச்சுன்னு ரோடு போடுற வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் இனாமாக் குடுத்தது. பளபளன்னு இருக்கு. பொறுமையாக் கேட்டுக்கோ, ஏன்னா நீ வானிலை படிச்சவ, பீரங்கி படிச்சவ இல்ல. நீங்க வட்டத்த முந்நூத்தி அறுபது டிகிரியா வெட்டுறீங்க. பீரங்கிக்காரன் ஆறாயிரம் மில்லா வெட்டுறான். ஆறு டிகிரிக்கு நூறு மில், அவ்வளவுதான் கணக்கு. எதிர்ப் பாறையில வெள்ளை பெயிண்ட் அடிச்ச எடத்துல பூஜ்ஜியம் வெச்சு, அங்கேருந்து வலப்பக்கம் திருப்புறோம். முதல் இலக்கு ஒன்பது டிகிரி, நூத்தம்பது மில். ரெண்டாவது இருபத்திநாலு, நானூறு. மூணாவது நாப்பத்தெட்டு, எண்ணூறு. நாலாவது எழுபத்திரெண்டு, ஆயிரத்தி இருநூறு. பட்டாளத்துல ரெண்டு வருஷம் தூக்கத்துல எழுப்பிக் கேப்பான், தப்பாச் சொன்னா அடி விழும். நான் அடி வாங்கினதே இல்ல.

அப்ப என்ன தப்பு? நீ கோணம் அளக்குற தியோடலைட்டுதான். அந்தக் குளிர்ல கண்ணாடி கோணியிருக்கும். இல்லேன்னா காத்து.

தலைவர்கிட்ட பேசினேன், ஆமா. மச்சானப் பனி மூடின அதே ரோட்டுக்கு மேல நீ தனியா உக்காந்திருக்க. உன்கூட வேலை பாக்குற வாலேரி பல்வலின்னு கீழ எறங்கிப் பத்து நாளாச்சு. காலு ஒடஞ்சு விழுந்தாக்கூட யாருக்குத் தெரியும்? இதுல என்ன தப்புன்னு எனக்குப் புரியல. புரியலன்னா புரியலதான்.

எர்மெக்


மேல் நிலையம்
14 ஜனவரி

எர்மெக்,

போர்சோக் கல்லாக உறைந்து வந்து சேர்ந்தது. தேநீரில் நனைத்துத் தின்றேன். ஜிபேக்குக்கு நன்றி சொல்.

என் கண்ணையும் கருவியையும் நம்பாவிட்டால் போகட்டும். மூன்று குண்டும் விழுந்த இடங்களுக்குப் போக முடியாது, ஆனால் கருப்பாகக் கிளறிய பள்ளம் இன்னும் தெரிகிறது. மூன்றையும் வரைபடத்தில் குறித்து, உன் முகாமிலிருந்து கோடு இழுத்துப் பார்த்தேன். உன் பீரங்கி ஒன்பது டிகிரி திரும்ப வேண்டிய இடத்தில் எட்டரைக்கும் சற்றுக் குறைவாகத் திரும்பியிருக்கிறது. இருபத்துநாலுக்குப் பதில் இருபத்திரண்டரை. நாற்பத்தெட்டுக்குப் பதில் நாற்பத்தைந்து.

ஒன்பதில் அரை போயிற்று, இருபத்துநாலில் ஒன்றரை, நாற்பத்தெட்டில் மூன்று. கோணம் பெரிதாகப் பெரிதாகப் பிழையும் பெரிதாகிறது. ஒவ்வொன்றிலும் பதினாறில் ஒரு பங்கு, ஒரு வீசம் குறைகிறது. காற்று அப்படிக் கணக்கு வைத்துக் கொண்டு வீசாது. கோணிய கண்ணாடி மூன்று தடவையும் ஒரே வீசம் திருடாது.

உன் வட்டத்தைத்தான் சந்தேகப்படுகிறேன். அந்தப் புதுப் பீரங்கியின் வளையத்தில் ஆறாயிரம் கோடுதான் இருக்கிறது என்று நீ எண்ணிப் பார்த்தாயா? ஆறாயிரத்தைப் பதினைந்தால் வகுத்துப் பதினாறால் பெருக்கினால் ஆறாயிரத்து நானூறு வருகிறது. அவர்கள் ஊரில் வட்டத்தை அப்படி வெட்டுவார்களோ என்னவோ, எனக்குத் தெரியாது. அப்படி வெட்டியிருந்தால் அவர்களுடைய மில் உன்னுடையதைவிடப் பொடி. நீ ஆயிரத்து இருநூறு என்று வைப்பாய், அது எழுபத்திரண்டு டிகிரி வரை போகாது.

எழுபத்திரண்டில் ஒரு வீசம் நாலரை டிகிரி. மூன்று கிலோமீட்டர் தூரத்தில் அது இருநூறு மீட்டருக்கும் மேல். நாலாம் இலக்குக்கு இடப்பக்கம் இருநூறு மீட்டரில் என்ன இருக்கிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாலையோரத்தில் சாய்ரா நடத்தும் விடுதிக்கு நேர் மேலே இருக்கும் சரிவு. இலக்கில் விழுந்தால் பனி ஆளில்லாத பள்ளத்தில் இறங்கும். இடப்பக்கம் விழுந்தால் கூரை மேல் இறங்கும்.

அடுத்த புயல் தொடங்கியதும், கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் நாலைச் சுட்டுவிட வேண்டும் என்று தலைவர் உத்தரவு போட்டிருப்பதாக ஜூமாதில் சொன்னான். பார், எர்மெக். கோபத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் போய் வளையத்தைப் பார்.

பூருல்


கீழ் முகாம்
15 ஜனவரி

அக்கா,

உன் லெட்டரப் படிச்சதும் சிரிச்சேன். ஆறாயிரத்தி நானூறாம். வட்டம் என்ன கம்பளியா, அவனவன் அளவுக்கு வெட்டிக்க? அப்பிடின்னு சொல்லிட்டு மடிச்சு வெச்சேன்.

அப்புறம் கையில டார்ச்ச எடுத்துக்கிட்டுப் போனேன். சும்மாத்தான்.

வளையம் முழுசாத் தெரியல. பீரங்கி ரொம்பத் திரும்பி நம்ம முகாம் பக்கமே சுட்டுறக் கூடாதுன்னு ரெண்டு பக்கமும் கட்டை போல்ட் அடிச்சிருக்கான். நூறு மில்லுக்கு ஒரு நம்பர் போட்டிருக்கான், பதினஞ்சு வரைக்கும் தெரியுது, அதுக்கு மேல தகடு மூடியிருக்கு. கூட வந்த புஸ்தகம் எந்த பாஷைன்னே தெரியல. படம் பாத்தேன். படத்துல நம்பர் பொடிப்பொடியா இருக்கு.

போல்ட்ட எடுக்கத் தலைவர் கையெழுத்து வேணும். கேட்டேன். உங்கக்கா சொல்றான்னு இனாமா வந்த சாமானப் பிரிச்சுப் போடணுமான்னாரு. குடிச்சிருக்கியான்னு மோந்து பாத்தாரு. நாளைக்கு அவர் டவுனுக்குப் போறாரு. போனதும் எடுத்துடறேன்.

உனக்கு பயமா இருக்கான்னு கேக்க மாட்டேன். கேட்டா இல்லன்னுதான் சொல்லுவ. எனக்கு இருக்கு.

எர்மெக்


மேல் நிலையம்
16 ஜனவரி, மதியம்

எர்மெக்,

பனி தொடங்கிவிட்டது. தலைவர் டவுனிலிருந்து திரும்ப முடியாது, நீயும் அனுமதிக்குக் காத்திருக்காதே.

ஜூமாதில் இப்போது கீழே புறப்படுகிறான், இதுதான் கடைசி டிரிப் என்கிறான். சாய்ராவின் விடுதியில் ஒரு பஸ் அச்சு முறிந்து நிற்கிறது. வண்டியில் மூன்று பேருக்குத்தான் இடம். ஒரு தாயையும் இரண்டு குழந்தைகளையும் வழியில் ஏற்றிக்கொள்கிறான். மீதிப் பேர் அங்கேயேதான் இருக்க வேண்டும். விடுதிக்குக் கீழேயும் மேலேயும் சாலை முழுக்கச் சரிவுக்கு அடியில் போகிறது, நடத்திக் கூட்டிப் போகவும் முடியாது.

நாலாம் இலக்கில், கிண்ணம் போலக் குழிந்த அந்தச் சரிவில் போன வாரத்துப் பனியே இடுப்பளவு நிற்கிறது. இன்று காலை குழி தோண்டிப் பார்த்தேன். அடியில் ஒரு அடுக்கு சர்க்கரை மாதிரி உதிர்கிறது. அதன் மேல் புதுப் பனி ஏறிக்கொண்டிருக்கிறது. நாளை மதியத்துக்குள் சுட்டால் அளவாக இறங்கிப் பள்ளத்தோடு போய்விடும். விட்டுவைத்தால் அது தானாக இறங்கும், அப்போது பள்ளம் கொள்ளாது, பொங்கி விடுதி மேல் வரும். அதனால் சுடாதே என்று சொல்ல என்னால் முடியவில்லை. சுட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் சரியான இடத்தில்.

வளையம் ஆறாயிரத்து நானூறு என்றால், ஆயிரத்து இருநூறு வைக்காதே. ஆயிரத்து இருநூற்று எண்பது வை. குழாயை நிமிர்த்தும் உயரக் கோணமும் அதே பீரங்கியில்தானே இருக்கிறது, அதையும் அப்படியே மாற்று. முந்நூறு என்றால் முந்நூற்று இருபது.

பதில் எழுதாதே. எழுதினாலும் கொண்டுவர ஆள் இல்லை. கையை நிதானமாக வைத்துக்கொள்.

அக்கா


கீழ் முகாம்
17 ஜனவரி, சாயங்காலம்

அக்கா,

சுட்டுட்டேன். என்னாச்சுன்னு தெரியல. ஜன்னலுக்கு வெளிய பால் ஊத்தின மாதிரி இருக்கு. இத எப்ப நீ படிப்பேன்னும் தெரியல, சும்மா இருந்தா பைத்தியம் புடிச்சுரும், அதான் எழுதறேன்.

உன் லெட்டர் நேத்து இருட்டுறதுக்குள்ள வந்துருச்சு. ஜூமாதில் அந்தக் குழந்தைங்கள எறக்கி விட்டான், ஒண்ணு அவன் தொப்பியப் போட்டுக்கிட்டுத் தூங்குது. அதப் பாத்ததும் போல்ட்டக் கழட்டப் போனேன். உறைஞ்சு போச்சு. ஸ்டவ்வக் கொண்டுபோய் வெச்சுச் சூடு காட்டி, சுத்தியால அடிச்சு, விடியறப்பத்தான் கழண்டுச்சு. மூணு பேரு தோள் குடுத்து பீரங்கிய ஒரு முழுச் சுத்து சுத்தினோம். நான் குனிஞ்சு வளையத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். அம்பத்தெட்டு, அம்பத்தொம்பது, அறுபது. அறுபதுல பாறையோட வெள்ளைக் குறி எதுக்க வரணும். வரல. அறுபத்தொண்ணு. அறுபத்திரெண்டு. என் பக்கத்துல இருந்தவன், "வளையம் இன்னும் போவுதே அண்ணே"ன்னான். அறுபத்திநாலுல குறி வந்துச்சு.

பட்டாளத்துல நெஜ ஷெல்லு விழுந்தப்பகூட இப்பிடி பயந்ததில்ல அக்கா. இந்தப் பீரங்கிய எட்டாந்தேதி சுட்டுட்டு நான் போய் நல்லா சாப்பிட்டுத் தூங்கினேன்.

ஆயிரத்தி இருநூத்தி எண்பது வெச்சேன். உயரத்துக்கு நீ சொன்ன முந்நூத்தி இருபதும் வெச்சுட்டேன். குண்டு உள்ள போயாச்சு. கயித்தப் புடிச்சு இழுக்கப் போறேன், அப்ப உன் முதல் லெட்டர் ஞாபகம் வந்துச்சு. தூரம் சரி, பக்கம்தான் தப்புன்னு எழுதியிருந்த. உயரக் கருவியும் அவன் ஊரு மில்லா இருந்தா எல்லா குண்டும் கிட்டயே விழுந்திருக்கணும்ல? தூரம் எப்பிடி சரியா இருக்கும்?

கயித்த விட்டுட்டேன். "அண்ணே, உள்ள குண்டு இருக்கு, என்ன பண்ற"ன்னு அவன் கத்தறான். உயரக் கருவியத் திருகிக் கழட்டி, தச்சு வேலைக்கு வெச்சிருக்கிற மூலைமட்டத்துல வெச்சுப் பாத்தேன். ஒரு பக்கத்துல பூஜ்ஜியம். செங்குத்தா இருக்கிற பக்கத்துல, அதாவது கால் வட்டத்துக்கு, பதினாறு நூறு காட்டினா அவன் கருவி, பதினஞ்சு காட்டினா நம்ம கருவி. பதினஞ்சு. மெக்கானிக் பழைய பீரங்கியிலேருந்து எடுத்து மாட்டியிருக்கான், புதுசு ஒடஞ்சு வந்திருக்கும்போல. யாரும் சொல்லல. முந்நூத்தி இருபதுல சுட்டிருந்தா குண்டு மலையத் தாண்டித் துனுக்-சூ கிராமத்துப் பக்கம் போயிருக்கும்.

ஒரே பீரங்கியில ரெண்டு ஊரு கணக்கு. படுக்கையில ஒண்ணு, நிமிர்ந்ததுல ஒண்ணு.

முந்நூறுக்கே திருப்பி வெச்சேன். இழுத்தேன். சத்தம் போச்சு. அப்புறம் தூரத்துல ஒரு குமுறல், எந்தப் பக்கம்னு காத்துல புரியல. அவ்வளவுதான்.

மணி என்னன்னு பாக்கல. ஜிபேக் கஞ்சி வெச்சுட்டுப் போனா, ஆறிக் கெடக்கு. அந்த விடுதியில எத்தன பேர் இருக்காங்கன்னு ஜூமாதில்கிட்ட கேட்டேன். சொல்ல வந்தான், வேணாம்னுட்டேன்.

எர்மெக்


சாய்ராவின் விடுதி
19 ஜனவரி

எர்மெக்,

மேலே எழுதியிருக்கும் இடத்தைப் பார்த்துத் திகைக்காதே. உட்கார்ந்து படி.

பதினாறாம் தேதி கடிதத்தை ஜூமாதிலிடம் கொடுத்த பிறகு என்னால் நிலையத்தில் இருக்க முடியவில்லை. வண்டி வழியில் புதைந்திருக்கலாம். நீ பிடிவாதமாக இருந்திருக்கலாம். போல்ட் வராமல் போயிருக்கலாம். ஒவ்வொன்றாக யோசித்து யோசித்து, பதினேழாம் தேதி வெளுத்ததும் பனிச்சறுக்குக் கட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். எப்படியாவது அவர்களை வெளியே கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்தேன்.

முடியாது என்று வாசலை மிதித்ததுமே தெரிந்துவிட்டது. இரண்டு கிழவர்கள், மாசமாக இருக்கும் ஒரு பெண், பஸ் டிரைவர், திருமணத்துக்குப் போகும் ஒரு குடும்பம். வெளியே கை நீட்டினால் கை தெரியவில்லை. சாய்ரா என்னைப் பார்த்துவிட்டு, "என்னடி பூருல், இந்தக் காத்துல பேயே வீட்ட விட்டு வராது, நீ வந்திருக்க," என்றாள். பேட்டரி கேட்க வந்தேன் என்று பொய் சொன்னேன்.

எல்லோரையும் பள்ளத்துக்கு எதிர்ப்பக்கமாக இருக்கும் மாவு அறைக்கு மாற்றினேன். குழாய் வெடித்துவிடும், இங்கே குளிர் குறைவு என்று ஏதோ சொன்னேன். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் முணுமுணுத்தார்கள். பட்டுச் சட்டையில் மாவு ஒட்டுகிறதாம். திட்டட்டும் என்று விட்டேன். உண்மையைச் சொன்னால் ஓடுவார்கள், ஓடினால் சாலையில் செத்துப்போவார்கள்.

பிறகு நான் நடைக் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் எதையும் கேட்டு நின்றதில்லை. பீரங்கிச் சத்தம் வந்தால் குண்டு எந்தப் பக்கம் வெடிக்கிறது என்று மட்டும்தான் எனக்கு வேண்டும். வலப்பக்கம் என்றால் நீ கடிதத்தைப் படித்திருக்கிறாய். தலைக்கு மேலே என்றால் படிக்கவில்லை. அது தெரியும்போது ஒன்றும் செய்ய நேரம் இருக்காது, அதுவும் எனக்குத் தெரியும். உன் மச்சான் தாலாய்க்கும் இப்படித்தான் தெரிந்திருக்குமா என்று நினைத்தேன். ஒரு வருடமாக அவர் பெயரை நான் மனசுக்குள்கூடச் சொன்னதில்லை.

சத்தம் வந்தது. அடுத்து ஒன்றும் இல்லாத ஒரு நேரம். பிறகு வலப்பக்கம், தூரத்தில், பலகையை உடைப்பது போல.

வலப்பக்கம், எர்மெக்.

அப்போதுகூட என் கை நிலையை விடவில்லை. கிண்ணம் முழுக்கப் பிடுங்கிக்கொண்டு இறங்கியது. தரை அதிர்ந்தது. பள்ளத்தோடு போனது, ஆனால் அது தள்ளிய காற்று வந்து முன்கதவைப் பெயர்த்து நடையில் வீசியது. மூச்சில் பனித்தூள். விளக்கு அணைந்தது. அந்த மாசமான பெண் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள், நான் அவளைக் கட்டிக்கொண்டேன், யார் யாரைப் பிடித்தோம் என்று தெரியவில்லை. பஸ்ஸின் பின்பாதி பனியில் மூடியது, அதில் யாரும் இல்லை. எங்களில் ஒருவருக்கும் கீறல் இல்லை.

இருட்டில் சாய்ரா என் காதுக்குள் கேட்டாள்: "இப்ப போயிருச்சா, இல்ல இன்னொண்ணு இருக்கா?"

"போயிருச்சு," என்றேன்.

"பேட்டரி கேக்க வந்தவ மூஞ்சியா இது," என்றாள். மாவுச் சாக்கின் மேல் உட்கார வைத்து, உப்புப் போட்ட பால் தேநீர் கொடுத்தாள். கோப்பையையும் அவளே பிடித்துக்கொண்டாள்.

இன்று ஜூமாதில் வழி வெட்டி வந்துவிட்டான். நீ பதினேழாம் தேதி எழுதியதைக் கொடுத்தான். உயரக் கோணத்தை மாற்றச் சொன்னது நான். கருவி ஒன்றுதானே என்று பார்க்காமலே எழுதிவிட்டேன். இங்கே பத்துப் பேரைக் காப்பாற்றப் போய் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர் மேல் குண்டு போடச் சொல்லியிருக்கிறேன். அந்த வரியை நான்கு தடவை படித்தேன். நீ கயிற்றை விட்டுவிட்டு மூலைமட்டத்தைத் தேடிப் போனாயே தம்பி, அதனால்தான் அந்த ஊர் பிழைத்தது.

நாளை நிலையத்துக்கு ஏறுகிறேன். வாலேரியும் வருகிறார், கன்னம் இன்னும் வீங்கித்தான் இருக்கிறதாம்.

அக்கா


கீழ் முகாம்
20 ஜனவரி

அக்கா,

ஜூமாதில் நேத்து ராத்திரி லெட்டரக் குடுத்துட்டு நான் படிக்கிற வரைக்கும் வாசல்லயே நின்னான். படிச்சு முடிச்சதும் அவனத் திட்டினேன். அவ அங்க இருந்தது உனக்குத் தெரியுமாடா, சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேன்னு. "எனக்கே இன்னிக்குத்தாண்ணே தெரியும்"னான். அப்புறம் ஒண்ணு சொன்னான்: "தெரிஞ்சிருந்தா நீ சுட்டிருப்பியா?"

வெளிய போய் விறகு பொளந்தேன். சுட்டிருக்க மாட்டேன் அக்கா. அங்க ஆளுங்க இருக்காங்கன்னு தெரிஞ்சுதான் கயித்த இழுத்தேன், கை நிதானமாத்தான் இருந்துச்சு. நீ இருக்கேன்னு தெரிஞ்சா இழுத்திருக்க மாட்டேன். கிண்ணம் நெறைஞ்சு தானா எறங்கியிருக்கும், எல்லாரும் போயிருப்பீங்க. இத யார்கிட்டயும் சொல்ல முடியாது, ஜிபேக்கிட்டகூட. என்னப் பத்தி எனக்கே தெரியாதது தெரிஞ்சுபோச்சு.

தலைவர் வந்தாரு. வளையத்தச் சுத்திக் காட்டினேன். அறுபத்திநாலு வர்ற வரைக்கும் பாத்துட்டு, தொப்பியக் கழட்டி மறுபடி போட்டுக்கிட்டாரு. எல்லா இலக்குக்கும் புது நம்பர் போட்டாச்சு. படுக்கைக் கோணத்துக்கு எதிர்ல "அவங்க மில்", உயரத்துக்கு எதிர்ல "நம்ம மில்"னு கவசத் தகடுலயே பெரிசா எழுதிட்டேன். அப்பிடியும் நம்பிக்கை வரல. ஒவ்வொரு தடவயும் மூலைமட்டத்த எடுத்துட்டு வந்து பாக்குறேன். கூட இருக்கிறவனுங்க சிரிக்கிறானுங்க.

உன்ன எறக்கச் சொன்னத நான் வாபஸ் வாங்கல. இப்ப இன்னும் பயமா இருக்கு, இன்னும் சத்தமாச் சொல்லப் போறேன். நீ திட்டு, பரவால்ல.

வெள்ளிக்கிழமை மறுபடி பனின்னு சொல்றாங்க. நாலாம் இலக்கத் திரும்பவும் சுடணும். அன்னிக்கு நீ எங்க இருப்பேன்னு முன்னாடியே எழுதி அனுப்பு. நிலையத்துலதான் இருப்பேன்னு எழுதிட்டு மறுபடி வேற எங்கயாவது போறதா இருந்தா, அப்ப எழுதவே வேணாம்.

எர்மெக்